இரத்தம் உறைகிறதா? பாம்புக்கடியும் இருபது நிமிடக் கண்ணாடிக் குழாயும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால் முதலில் வேப்பிலை தேடுவார்கள். கடிபட்டவர் வாயில் நாலு இலையைப் போட்டு மெல்லச் சொல்வார்கள். கசக்கிறது என்றால் விஷமில்லை. கசக்கவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது. சில வீடுகளில் வேப்பிலைக்குப் பதில் மிளகு, சில வீடுகளில் பச்சை மிளகாய். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு இந்த ஒரு விஷயத்தில் கிடையாது.

இந்தச் சோதனைக்கும் பாம்பின் விஷத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. விரியன் பாம்பின் விஷம் நாக்கின் சுவையைத் தொடுவதில்லை. அது தொடுவது இரத்தம் உறையும் தன்மையை. இதைக் கண்டறிய மருத்துவமனைகளில் வேறொரு சோதனை இருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒரு சிறிய கண்ணாடிக் குழாய், கொஞ்சம் இரத்தம், ஒரு கடிகாரம் போதும். அந்தச் சோதனை என்ன சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொண்டால், பாதி வழியில் நோயாளியை வீட்டுக்கு அழைத்துவரும் தவறு குறையும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

நாம் மருத்துவர் இல்லை. அரபிக் கல்லூரியில் ஓதியதும், பிறகு கலைக் கல்லூரியில் வரலாறு படித்ததும்தான் நமக்குள்ள தகுதி. ஆனாலும் பாம்பு கடித்தவரை முதலில் பள்ளிவாசல் வாசலுக்குக் கொண்டுவரும் பழக்கம் இருக்கும்வரை, இமாம்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. அந்தப் பொறுப்பை நாமே ஒருமுறை தவறவிட்டோம்.

இமாமத் பணிக்கு நாம் புதிது. ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது, வலை காயவைக்கும் இடத்தில் கடிபட்ட ஒருவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். நாம் ஃபாத்திஹா ஓதி ஊதினோம். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். இன்னொரு பெரியவர் வந்து ஓதினால் நல்லது என்று யாரோ சொல்ல, அவருக்காகக் காத்திருந்தோம். கால் வீங்கிக்கொண்டே போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்து, அவர் துப்பிய எச்சிலில் இரத்தம் தெரிந்த பிறகே வண்டி பிடித்தோம். மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் ஒரு கண்ணாடிக் குழாயை நம் கண் முன்னே சாய்த்துக் காட்டினார். எடுத்து இருபது நிமிடம் ஆகியிருந்த இரத்தம் சர்பத் போல ஓடியது. “ஹஜ்ரத், இது இந்நேரம் ஜெல்லி மாதிரி நின்றிருக்க வேண்டும்” என்றார். கடிபட்டவர் பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பல வாரங்கள் டயாலிசிஸ் செய்துகொண்டார். அந்த ஒரு மணி நேரம் இன்றும் நம் மனதில் உறுத்துகிறது.

எந்தப் பாம்புகள்?

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பரந்து கிடக்கும் உவர்நீர் ஏரி. இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்து இதுவே பெரியது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் திட்டு, திட்டில் குப்பங்கள், சுற்றிலும் சீமைக்கருவேலம், பொன்னேரிப் பக்கம் போனால் நெல் வயல். மணலும் முட்புதரும் இருக்கும் இடம் சுருட்டை விரியனுக்குப் பிடிக்கும். வயலும் எலியும் இருக்கும் இடம் கண்ணாடி விரியனுக்கும் நல்ல பாம்புக்கும் பிடிக்கும். வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுப்பவரைத் தேடி வருவது போல வருவது கட்டு விரியன். இந்நான்குமே இந்தியாவில் அதிக உயிர்களைப் பறிக்கும் பாம்புகள்.

இங்கே பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. கட்டு விரியனுக்கு நாம் ‘விரியன்’ என்று பெயர் வைத்திருந்தாலும் அது விரியன் இனமே இல்லை. அதன் விஷமும் நல்ல பாம்பின் விஷமும் முக்கியமாக நரம்பைத் தாக்கும். இமை தொங்கும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். இரத்தம் உறைவதை இவை பெரிதாகக் கெடுப்பதில்லை. இரத்தத்தைத் தாக்குபவை கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும். நம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் சில நேரம் இரத்தத்தோடு நரம்பையும் சேர்த்துத் தாக்குகிறது.

மீனவக் குடும்பங்கள் ஐந்தாவதாக ஒன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். வலையில் மீனோடு ஏறிவரும் கடல் பாம்பு. அதன் கடி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. விஷம் தசைகளைச் சிதைக்கும். சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் வலி, தாடை இறுக்கம், சிறுநீர் கறுத்துப் போதல் என்று வெளிப்படும். இதிலும் இரத்தம் சாதாரணமாக உறையும்.

வலையும் நூலும்

இரத்தம் எப்படி உறைகிறது என்பதை ஏரிக்கரை ஆட்களுக்குச் சொல்வது எளிது. விரல் வெட்டுப்பட்டால் முதலில் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையில் ஒட்டிக்கொள்கின்றன. அது தற்காலிக அடைப்பு. அதை இறுக்கிப் பிடிக்க ஒரு வலை வேண்டும். அந்த வலைக்கான நூல் நம் இரத்தத்திலேயே கரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் ஃபைப்ரினோஜன். 100 மில்லி இரத்த நீரில் சுமார் 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும். காயம் பட்ட இடத்தில் மட்டும் த்ராம்பின் என்ற நொதி உருவாகி, கரைந்திருக்கும் நூலை ஃபைப்ரின் இழைகளாக்கி வலை பின்னுகிறது. இரத்த அணுக்கள் அந்த வலையில் சிக்கிக் கட்டியாகின்றன.

த்ராம்பின் நினைத்த நேரத்தில் உருவாகிவிடாது. ஒன்றை ஒன்று தட்டி எழுப்பும் பல காரணிகளின் வரிசை அது. எண் போட்டு அவற்றை அழைக்கிறார்கள். பத்தாம் காரணி எழுந்து, ஐந்தாம் காரணியின் துணையோடு புரோத்ராம்பினை த்ராம்பினாக மாற்றும். காயம் இல்லாத இடத்தில் இந்த வரிசை தூங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித்தான் அல்லாஹ் அமைத்திருக்கிறான். இல்லையென்றால் ஓடும் இரத்தம் குழாய்க்குள்ளேயே கட்டிவிடும்.

கண்ணாடி விரியனின் விஷம் இந்த வரிசையின் நடுவில் புகுந்துவிடுகிறது. அதிலுள்ள ஒரு நொதி பத்தாம் காரணியை நேரே எழுப்புகிறது, இன்னொன்று ஐந்தாம் காரணியை. சுருட்டை விரியன் இன்னும் ஒரு படி தாண்டிப் போகிறது. அதன் விஷத்திலுள்ள எக்காரின் என்ற நொதி நேராகப் புரோத்ராம்பினையே பிடித்து மாற்றிவிடுகிறது. காயம் ஒரு காலில் இருக்க, உடம்பெங்கும் ஓடும் இரத்தத்தில் வலை பின்னும் வேலை தொடங்கிவிடுகிறது. துண்டு துண்டாக, யாருக்கும் பயன்படாத இழைகள். உடம்பு அவற்றைக் கரைக்கவும் செய்கிறது. சில மணி நேரத்தில், சில நேரம் அதற்கும் குறைவான நேரத்தில், நூல் முழுவதும் தீர்ந்துவிடுகிறது.

பாம்பு விஷம் இரத்தத்தை ‘தண்ணீராக்கிவிடும்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். விளைவு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் நடந்தது நேர்மாறு. உறைய வேண்டாத இடத்தில் உறையவைத்து, உறைய வேண்டிய நேரத்தில் ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டது. அதனால்தான் வெளியே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் அந்தத் துண்டு இழைகள் அடைத்துக்கொண்டு சிறுநீரகம் பழுதாகிறது.

இதோடு விஷத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. இரத்தக் குழாயின் சுவரையே அரிக்கும் நொதிகள். ஒரு பக்கம் அடைக்க நூல் இல்லை, மறுபக்கம் புதிது புதிதாக ஓட்டைகள். பல் ஈறு, மூக்கு, சிறுநீர், வாந்தி, பழைய காயம் என எங்கிருந்தும் இரத்தம் வரலாம். மூளைக்குள் கசிந்தால் நிலைமை கைமீறிவிடும்.

கடிவாயைப் பிளேடால் கீறுவது ஏன் ஆபத்து என்பது இப்போது விளங்கும். உறையாத இரத்தம் உள்ளவரின் உடம்பில் நாமே புதிதாக ஒரு மடையைத் திறந்துவிடுகிறோம். விஷம் அதன் வழியாக வெளியே வராது.

இருபது நிமிடம்

இனி அந்தச் சோதனை. கையிலிருந்து 2 மில்லி இரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த, சிறிய கண்ணாடிக் குழாயில் விடுகிறார்கள். அறை வெப்பத்தில் அசையாமல் நிறுத்தி வைக்கிறார்கள். இருபது நிமிடம் யாரும் அதைத் தொடக்கூடாது, உறைந்துவிட்டதா என்று ஆட்டிப் பார்க்கவும் கூடாது. நேரம் முடிந்ததும் ஒரே ஒருமுறை சாய்க்கிறார்கள். உறைந்து நின்றால் அந்த நேரத்தில் இரத்தம் சரி. வழிந்து ஓடினால் நூல் தீர்ந்துவிட்டது என்று பொருள். நம் நாட்டில், கடி வரலாற்றோடு இந்த ஒரு முடிவே விரியன் கடி என்று முடிவுசெய்து மருந்தைத் தொடங்கப் போதுமானது.

இந்த எளிய முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் மருத்துவர் டேவிட் வாரெல். 1970களில் வடக்கு நைஜீரியாவில், வயலில் சுருட்டை விரியன் இனப் பாம்பிடம் கடிபட்டு வந்த ஏழை விவசாயிகளுக்கு அவரும் அவரது குழுவினரும் சிகிச்சை செய்தார்கள். ஆய்வகம் இல்லாத ஊரில், யாருக்கு மருந்து தேவை, யாருக்குத் தேவையில்லை என்று படுக்கை அருகிலேயே தெரிந்தாக வேண்டும். பிறகு பிரேசிலில் 1994இல் வெளியான ஓர் ஆய்வு, குழாயில் உறையாத இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் உண்மையிலேயே மிகக் குறைந்திருப்பதை அளந்து காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலிலும் இந்தச் சோதனை இடம்பெற்றிருக்கிறது.

கண்ணாடிதான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கண்ணாடியின் மேற்பரப்பு இரத்தத்தின் பன்னிரண்டாம் காரணியைத் தட்டி எழுப்புகிறது. அதிலிருந்துதான் குழாய்க்குள் உறைதல் தொடங்குகிறது. பிளாஸ்டிக் குழாயில் நல்ல ஆளின் இரத்தமும் இருபது நிமிடத்தில் உறையாமல் போகலாம். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் இதே கோளாறு வரும். அதனால் புதிய குழாய் வேண்டும். சந்தேகம் வந்தால், கூட வந்த உறவினர் ஒருவரின் இரத்தத்தை அதே வகைக் குழாயில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உங்களிடம் கொஞ்சம் இரத்தம் கேட்டால் பயப்படாமல் கொடுங்கள்.

இந்தச் சோதனை குறையற்றதா என்றால் இல்லை. இலங்கையில் கண்ணாடி விரியன் கடிபட்டவர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருத்துவமனை நெருக்கடியில் செய்யப்பட்ட இந்தச் சோதனை, உண்மையில் இரத்தம் கெட்டிருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைத் தவறவிட்டிருந்தது. அதனால் அவர்களுக்கு மருந்து தாமதமானது. அதே இலங்கையில் பின்னர் முறையான குழாயுடன், பயிற்சி பெற்றவர்கள் செய்தபோது பத்தில் எட்டுப் பேரைச் சரியாகப் பிடித்தது. குழாய் அதேதான், கையும் கவனமும் மாறின. வசதியுள்ள இடங்களில் இதோடு ஆய்வகச் சோதனையும் செய்கிறார்கள். நீல மூடி போட்ட சிறு குழாயில் இரத்தம் எடுத்து அனுப்புவது அதற்குத்தான். அதிலுள்ள சிட்ரேட் இரத்தத்தை உறையாமல் பிடித்து வைக்கும். ஆய்வகத்தில் உறையவைக்கும் பொருளைச் சேர்த்து எத்தனை நொடியில் உறைகிறது என்று எண்ணுவார்கள். அறிக்கையில் ‘பி.டி.’, ‘ஐ.என்.ஆர்.’ என்று வருவது அதுதான். மருந்து ஏதும் சாப்பிடாத ஒருவருக்கு ஐ.என்.ஆர். சுமார் 1 இருக்கும்.

முதல் குழாய் உறைந்தது, போகலாமா?

இந்தக் கேள்வியைத்தான் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பதில், போகக்கூடாது.

பின்னொரு சமயம், பதினாறு வயதுப் பையன் ஒருவனை அதிகாலையில் ஏதோ கடித்துவிட்டது. இந்த முறை நாம் வாசலில் வைத்து ஓதவில்லை. ஆட்டோவில் கூடவே ஏறிக்கொண்டோம். மருத்துவமனையில் முதல் குழாய் நன்றாக உறைந்தது. வீக்கமும் அதிகமில்லை. பையனின் மாமாவுக்கு அன்று படகில் முறை. “இரத்தம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்களே ஹஜ்ரத், கையெழுத்துப் போட்டுட்டு கூட்டிட்டுப் போயிடலாம்” என்றார். நர்ஸ் மறுத்தார், மாமா கோபப்பட்டார், நாம் நடுவில் நின்று ளுஹர் வரை பொறுக்கச் சொன்னோம். ளுஹருக்கு முன்பே மூன்றாவது குழாய் வழிந்து ஓடியது.

விஷம் கடித்த இடத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் இரத்தத்தில் கலக்கிறது. நூல் தீர நேரம் பிடிக்கும். அதனால் முதல் சோதனை நல்லபடியாக வந்தாலும், முதல் சில மணி நேரம் அடிக்கடியும், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சோதிக்கிறார்கள். ஒன்றுமே இல்லை என்று தோன்றினாலும் ஒரு நாள், அதாவது 24 மணி நேரம், கண்காணிப்பில் வைப்பது முறை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கடல் பாம்பு கடியில் குழாய் கடைசிவரை உறைந்துகொண்டே இருக்கும். குழாய் உறைந்தது என்பதற்கு விஷமே இல்லை என்று பொருள் கிடையாது.

மருந்து எங்கிருந்து வருகிறது?

குழாய் ஓடியபின் கொடுக்கப்படும் மருந்தின் கதை நம் கடற்கரையைச் சேர்ந்தது. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கைகளால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களை நாம் தினமும் பார்க்கிறோம். அதே சமூகத்தைச் சேர்ந்த பாம்பு பிடிப்போர், மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்துகிறார்கள். 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியுடன் தொடங்கப்பட்டது. நான்கு வகைப் பாம்புகளையும் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு நீண்ட காலமாக இந்தச் சங்கமே முக்கிய ஆதாரம். இருளர் பாம்புபிடி வல்லுநர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தினால், குதிரையின் உடம்பு அதற்கு எதிரான புரதங்களை உருவாக்கும். குதிரை இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்துச் சுத்தப்படுத்தியதே விஷமுறிவு மருந்து. குதிரையிலிருந்து எடுத்தது ஆகுமா என்று ஒரு தாயார் நம்மிடம் கேட்டார். உயிரைக் காக்க வேறு மருந்து இல்லாத நிலையில் இதில் தயக்கத்துக்கே இடமில்லை.

மருந்து இரத்தத்தில் சுற்றும் விஷத்தைக் கட்டிப் போடும். தீர்ந்த நூலை அது திருப்பித் தராது. புதிய நூலைக் கல்லீரல்தான் உண்டாக்க வேண்டும். அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். மருந்து கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய் வைப்பதன் காரணம் இது. அப்போதும் ஓடினால் மீண்டும் மருந்து. முதல் தவணை பொதுவாக 8 முதல் 10 குப்பிகள். குழந்தைக்கும் அதே அளவுதான். ‘பச்சைப் பிள்ளைக்கு இவ்வளவா?’ என்று பெற்றோர் தடுக்க வேண்டாம். கடிக்கும் பாம்பு, ஆள் சிறியவரா பெரியவரா என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. குதிரைப் புரதம் என்பதால் சிலருக்கு உடனே ஒவ்வாமை வரும். அரிப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல். இதற்கு அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும் இடத்தில்தான் இந்த மருந்தைச் செலுத்த வேண்டும். வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை இது.

நம் இளைஞர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பாம்பு கடித்து இரத்தம் கசிகிறது என்றதும் வாட்ஸ்அப் குழுக்களில் ‘அவசரம், ஓ பாசிட்டிவ் தேவை’ என்ற செய்தி பறக்கிறது. இரத்த தானத்தில் நம் பிள்ளைகள் காட்டும் வேகம் பெருமைக்குரியது. ஆனால் விஷம் உடம்பில் இருக்கும்போது ஏற்றும் புது இரத்தத்தின் நூலையும் அது பின்னித் தீர்த்துவிடும். முதலில் விஷமுறிவு மருந்து. இரத்தம் தேவையா என்பதை மருத்துவர் பிறகு சொல்வார்.

இந்திய மருந்து நான்கு பாம்புகளுக்கு மட்டுமே எதிரானது. கடல் பாம்பு விஷத்துக்கு எதிரான மருந்து அதில் இல்லை. அதற்காக மருத்துவமனைக்குப் போய்ப் பயனில்லை என்று எண்ணிவிடக்கூடாது. சிறுநீரகத்தையும் மூச்சையும் காப்பாற்றும் சிகிச்சை அங்கேதான் உண்டு. எந்தப் பாம்பு என்று தெரிந்தால் ‘வலையில் வந்தது’ என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஹலபிலிருந்து சோழமண்டலக் கரைக்கு

வரலாறு படித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் நகர முடியவில்லை. கண்ணாடி விரியனுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ‘ரஸ்ஸல் விரியன்’. பாட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்து மருத்துவர். சிரியாவின் ஹலப் நகரில், அதாவது அலெப்போவில், பதினெட்டு ஆண்டுகள் அளவுக்கு மருத்துவராக இருந்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796இல் அவர் வெளியிட்ட பெரிய நூலில், எது விஷப்பாம்பு, எது விஷமற்றது என்று மக்கள் அடையாளம் காண வேண்டும் என்ற நோக்கம் தெரிகிறது. பழவேற்காடும் அந்தக் கரையில்தான் இருக்கிறது.

1934இல் இலண்டனில் மெக்ஃபார்லேன் என்ற மருத்துவரும், அங்குள்ள உயிரியல் பூங்காவின் பாம்புப் பிரிவுப் பொறுப்பாளர் பார்னெட்டும் இந்த விஷத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். பிறவியிலேயே இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிக்குப் பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காது. மிக நீர்த்த கண்ணாடி விரியன் விஷத்தைப் பஞ்சில் நனைத்து அந்த இடத்தில் வைத்தார்கள். இரத்தம் நின்றது. இன்று ஆய்வகங்களிலும் அதே விஷம் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்களுக்கு, இரத்தம் தேவையின்றி உறையும் ஒரு கோளாறு இருக்கிறதா என்று பார்க்க எழுதித் தரும் சோதனைகளில் ஒன்று, நீர்த்த ரஸ்ஸல் விரியன் விஷத்தால் இரத்த நீரை உறையவைத்து நேரம் எண்ணுவதுதான். சுருட்டை விரியன் விஷத்தில் கண்ட ஒரு சிறு புரதத்தை முன்மாதிரியாக வைத்து உருவாக்கிய டைரோஃபிபான் என்ற மருந்தை இதய நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள்.

ஓதுவது பற்றி

நபித்தோழர் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் பயணத்தின்போது, விஷக்கடி பட்ட ஒரு கூட்டத்தின் தலைவருக்கு ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதி, அவர் குணமடைந்த செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள்தான், நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி மக்களை ஏவினார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் அது இருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடுவது மார்க்கம் ஆகாது. ஓதுவதற்கு வண்டி நிற்க வேண்டியதில்லை. ஓடும் வண்டியில் கடிபட்டவரின் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதலாம், நாம் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

ரமளானில் கடிபட்டால் நோன்பைப் பற்றிக் கவலைப்பட்டு மருந்தையோ தண்ணீரையோ மறுக்க வேண்டாம். நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, பிறகு களாச் செய்துகொள்ளலாம். இத்தாவில் இருக்கும் பெண் கடிபட்டால் வாசலைத் தாண்டலாமா என்று கேட்டவர்களும் உண்டு. தாண்ட வேண்டும். வீட்டு ஆண்கள் கடலில் இருந்தால் அவர்கள் கரை திரும்பும்வரை காத்திருக்கவும் கூடாது. அண்டை வீட்டாரை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

குப்பத்திலிருந்து கட்டில் வரை

108ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் ஏறுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய்ச் சோதனையின் முடிவைப் படிக்க மருத்துவருக்கு அந்த நேரம் மிகவும் முக்கியம். வீக்கம் ஏறும்முன் மோதிரம், வளையல், கொலுசு கழற்றப்பட வேண்டும். கடிபட்ட கை காலை ஒரு குச்சியோ அட்டையோ வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள், நடக்கவிடாதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது வேண்டாம். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்காமல் மருத்துவமனையில் அவிழ்க்கச் சொல்லுங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அடிக்கப்போய் இரண்டாவது ஆள் கடிபட்ட கதை நம் கரையிலேயே உண்டு. தூரத்தில் நின்று செல்போனில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அதற்கு மேல் சிகிச்சை தேவைப்பட்டால் வடசென்னை. அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்துக்குக் கட்டணம் இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான பெரிய ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். மருத்துவமனைக்கு வராமலே இறந்தவர்கள் அரசுக் கணக்கில் சேர்வதில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட செயல்திட்டம் 2030க்குள் இறப்புகளைப் பாதியாகக் குறைப்பதை இலக்காக வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அரசு, தனியார் எந்த மருத்துவமனைக்கு வந்தாலும் இனி அது கணக்கில் ஏறும்.

வீடு திரும்பிய பிறகும் சில நாள் கவனம் வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ நிறம் மாறினாலோ, ஈறில் மீண்டும் இரத்தம் கசிந்தாலோ அன்றே திரும்பிப் போங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, உடம்பில் தடிப்பு வந்தால் அது விஷம் மறுபடி ஏறியதால் இல்லை. குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் தாமதமான எதிர்ப்பு அது, மாத்திரையில் அடங்கும். நாம் மேலே சொன்ன பதினாறு வயதுப் பையனுக்குப் பத்தாம் நாள் இப்படித்தான் மூட்டெல்லாம் வலித்தது. அவன் உம்மா மறுபடி வேப்பிலை பறிக்கப் போனார். மாமா அவரைத் தடுத்து, டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அவனை வண்டியில் ஏற்றினார்.